விளக்கை அணைத்தால் கடல் பிழைக்குமா?

திருவண்ணாமலையில் கடல் இல்லை. கிழக்கே புதுச்சேரிக் கடற்கரைக்குச் செல்ல வேண்டுமானால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் அமர்ந்திருக்க வேண்டும். நம் பள்ளி மாணவியரில் பலர் கடலைக் கண்டது வேளாங்கண்ணித் திருநாளுக்குச் சென்றபோதோ, சென்னையில் உறவினர் வீட்டுக்குப் போனபோதோதான். அப்படியிருக்க, மின்சாரச் சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது கடலை எதற்கு இழுக்க வேண்டும் என்று வாசகர்கள் எண்ணலாம். நம் வகுப்பறைச் சுவரில் உள்ள சுவிட்சுக்கும் மன்னார் வளைகுடாவில் வாழும் சங்குக்கும் தொடர்பு உண்டு. அதனை விளக்கவே இக்கட்டுரை.

நாம் சுவிட்சைப் போட்டவுடன் வரும் மின்சாரம் எந்த ஒரு நிலையத்திலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. பல நிலையங்களின் மின்சாரம் ஒரே வலையில் கலந்து ஓடுகிறது. 2013ஆம் ஆண்டின் கடைசி நாளில் தென்னகத்து மின்வலையும் நாட்டின் ஏனைய பகுதி வலையோடு இணைக்கப்பட்டது. இந்த வலையில் ஓடும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. நம் மாநிலத்தில் நெய்வேலியும் மேட்டூரும் உள்நாட்டில் இருக்கின்றன. ஆனால் எண்ணூரை அடுத்துள்ள வடசென்னை அனல் மின்நிலையமும் தூத்துக்குடி அனல் மின்நிலையமும் கடலோரத்தில் அமைந்தவை. தூத்துக்குடியில் 1979 முதல் 1992 வரை ஐந்து அலகுகள் ஒவ்வொன்றாக நிறுவப்பட்டன. மொத்தத் திறன் 1050 மெகாவாட். ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி வங்கக் கடல் வழியாக எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. நம் வீட்டு விளக்கு எரிவதற்குள் கரி இவ்வளவு தூரம் கடற்பயணம் செய்கிறது என்பது நமக்கே வியப்பாக இருந்தது.

அனல் நிலையங்கள் ஏன் கடலோரத்தை நாடுகின்றன? கரி இறக்குவது ஒரு காரணம். குளிர்விக்க நீர் வேண்டும் என்பது மற்றொன்று. கரியை எரித்து நீரை நீராவியாக்கி, அந்த நீராவியால் சுழலியைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். எரித்த கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மற்ற இரண்டு பங்கு புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வெளியேறுகிறது. கடலிலிருந்து இழுத்த நீர் சூடேறிய நீராகக் கடலுக்கே திரும்புகிறது. இதற்குச் சட்டத்தில் ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள் என்றாலும், சூடு சூடுதான். சாம்பலும் இருக்கிறது. எண்ணூரில் சாம்பல் கலந்த நீரைக் கொண்டு செல்லும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, மீனும் இறாலும் பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்திருக்கின்றன. நாம் மின்சாரத்துக்குக் கொடுக்கும் விலையில் அவர்கள் பங்கு எந்த ரசீதிலும் அச்சாவதில்லை.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கேடுகள். தெரியாத ஒன்று இவற்றினும் பெரியது. அது கரியமிலவாயு எனப்படும் கார்பன் டை ஆக்சைடு. நம் நாட்டு மின்வலையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 700 கிராம் கரியமிலவாயு வெளியாகிறது. (ஒரு யூனிட் என்பது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடச் செலவாகும் மின்சாரம்.) உலகில் மனிதர் வெளிவிடும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது மட்டுமன்று. இவ்வாயுக்களால் பூமியில் தங்கிவிடும் கூடுதல் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது.

உறிஞ்சிய வாயு கடலில் என்ன செய்கிறது? இதை அறியப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு குழாய் வழியே மூச்சை ஊதினால் நீர் பால்போல் வெளுக்கும். இது நாம் அனைவரும் செய்த சோதனை. மூச்சில் உள்ள கரியமிலவாயு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் உண்டாவதே அந்த வெண்மை. பலர் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். விடாமல் கரியமிலவாயுவைச் செலுத்திக்கொண்டே இருந்தால் வெண்மை மெல்ல மறைந்து நீர் மீண்டும் தெளிந்துவிடும். வாயு மிகுந்தபோது கால்சியம் கார்பனேட், நீரில் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. தேர்வுக்காகச் சமன்பாட்டை மனப்பாடம் செய்யும்போது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் சங்கு, முத்துச் சிப்பி, பவளப்பாறை ஆகிய எல்லாவற்றின் ஓடும் கூடும் இதே கால்சியம் கார்பனேட் என்று அறிந்த பிறகு அச்சோதனைக் குழாயைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடுகிறது.

கடல் இன்னும் அந்தச் சோதனைக் குழாயின் நிலைக்குப் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடல் நீர் இன்றும் காரத்தன்மை உடையதே. ஆலைகள் பெருகுவதற்கு முன் மேற்பரப்பு நீரின் பி.எச். அளவு சுமார் 8.2 ஆக இருந்தது. இப்போது சுமார் 8.1. பார்வைக்கு இது அற்ப வேறுபாடு. ஆனால் பி.எச். அளவுகோல் பத்து மடங்குகளில் ஏறி இறங்குவது. ஆகவே அமிலத் தன்மையைக் காட்டும் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிட்டன என்று பொருள். ஓடு கட்டும் உயிர்களுக்கு அதைக் கட்ட முன்னைவிட அதிகச் சிரமம் ஏற்படுகிறது.

நம் கடலிலேயே இதற்குச் சான்று தேடுவோம். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் உள்ளன. அவற்றில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. அவற்றைச் சுற்றியே பவளப்பாறைகள் வளர்ந்திருக்கின்றன. 1986ஆம் ஆண்டில் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கொற்கை முத்தென்று நாம் வரலாற்றில் படிக்கும் முத்து இக்கடலில்தான் விளைந்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தல் நடந்தது 1961இல். முத்து குறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் கரியமிலவாயுவின் தலையில் கட்டுவது நியாயமாகாது. பவளப்பாறைகளைக்கூட ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்க்காக மனிதர் நேரே வெட்டியெடுத்தார்கள். அது நின்ற பிறகு வந்த ஆபத்துதான் வெப்பம்.

பவளம் ஒரு சிறு உயிர். அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கின்றன; பவளத்தின் வண்ணமும் அவற்றாலேயே. கடல் நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் சூடாகவே இருந்தால் பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகும். சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவில் வெளிறின. 2016இல் பல இடங்களில் அவை மீளாமல் மடிந்தன. பவளம் மடிந்தால் அதில் ஒண்டி வாழும் மீன்களும் போய்விடும். மீன் போனால் வலை போடுபவருக்கு என்ன மிஞ்சும்?

இனி நம் ஊருக்கு வருவோம். நாம் கடலைத் தேடிப் போகாவிட்டாலும் கடல் நம்மைத் தேடி வருகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் நம் ஊரில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. மலைச்சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடி, ஏழு உயிர்களைப் பலிகொண்டன. அவர்களில் நம்மைப் போன்ற பிள்ளைகளும் இருந்தனர். அடுத்த நாள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் தென்பெண்ணை ஓரத்து ஊர்களை மூழ்கடித்தது. இந்த ஒரு புயலுக்கு இதுவே காரணம் என்று விரல் நீட்டிச் சொல்ல நமக்கு அறிவியல் போதாது. எனினும் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் ஏழு சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பதும், சூடான கடலே புயலுக்கு வலிமை ஊட்டுகிறது என்பதும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மைகள்.

சரி, நாம் விளக்கை அணைத்தால் இதெல்லாம் மாறிவிடுமா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு வகுப்பறையில் 75 வாட் மின்விசிறிகள் நான்கு, 40 வாட் குழல் விளக்குகள் நான்கு என்று வைத்துக்கொண்டால் 460 வாட். காலை வழிபாடு, இடைவேளை, மதிய உணவு, விளையாட்டு வகுப்பு என்று அறை காலியாக இருக்கும் நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணி. அந்நேரம் அணைத்து வைத்தால் ஏறக்குறைய 0.9 யூனிட் மிச்சம். இருபது வகுப்பறைகள், இருநூறு பள்ளி நாட்கள் என்றால் 3600 யூனிட். அதாவது இரண்டரை டன் கரியமிலவாயு. மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு ஒரு தோழி அதே எண்ணைத் தூத்துக்குடி நிலையத்தோடு ஒப்பிட்டாள். 1050 மெகாவாட் நிலையம் முழுத் திறனில் ஓடினால் 3600 யூனிட்டைப் பன்னிரண்டு விநாடியில் உற்பத்தி செய்துவிடும்! ஓர் ஆண்டு முழுவதும் நாம் கண்ணும் கருத்துமாகச் சேமிப்பது பன்னிரண்டு விநாடி.

இதைக் கேட்டு நாங்கள் சிறிது நேரம் பேசாமல் இருந்தது உண்மை. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. தமிழ்நாட்டில் 2 கோடிக்கு மேற்பட்ட வீட்டு மின் இணைப்புகள் உள்ளன. ஒவ்வொரு வீட்டிலும் ஆளில்லாத அறையில் சுழலும் ஒரே ஒரு மின்விசிறியைத் தினமும் ஒரு மணி நேரம் நிறுத்தினால் நாளொன்றுக்கு 15 லட்சம் யூனிட் மிச்சம். அதே தூத்துக்குடி நிலையம் தினமும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடித் தரும் மின்சாரம் அது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், படைப்பைக் காக்கும் சிறு செயல்களுள் தேவையற்ற விளக்கை அணைப்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார். அவ்வளவு பெரியவர் இவ்வளவு சிறியதை ஏன் எழுதினார் என்பது இக்கணக்கைப் போட்ட பிறகுதான் நமக்கு விளங்கிற்று.

வீட்டில் எதிலிருந்து தொடங்குவது என்றால், சூடேற்றும் கருவிகளிலிருந்து என்போம். 2000 வாட் வெந்நீர்க் கருவி அரை மணி ஓடினால் ஒரு யூனிட் போய்விடும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு அதே ஒரு யூனிட்டில் நூறு மணி நேரத்துக்கு மேல் எரியும். பழைய மின்விசிறியை மாற்ற நேரும்போது 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறியை வாங்கலாம். விலை கூடுதல்தான், எல்லா வீட்டிலும் உடனே இயலாது. மாடித் தொட்டி நிரம்பி வழிவதைக் கேட்ட பின்னும் மோட்டாரை நிறுத்த ஒருவரை ஒருவர் ஏவிக்கொண்டிருப்பது பணம் இல்லாமலே நிறுத்தக்கூடிய வழக்கம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் அதுவரை செலவழிப்பதில் தவறில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்த 100 யூனிட்டுக்கும் கரி எரியத்தான் எரிகிறது.

நேரமும் முக்கியம். பகலில் சூரிய மின்சாரம் வலைக்குள் வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் முப்பந்தல் பக்கம் காற்றாலைகளும் நன்கு சுழல்கின்றன. சூரியன் மறைந்து எல்லா வீட்டிலும் விளக்கும் தொலைக்காட்சியும் ஒன்றாக இயங்கும் மாலை நேரத்தில்தான் கரியின் சுமை ஏறுகிறது. ஆகையால் வாரத்துச் சீருடைகளை ஞாயிறு இரவு இஸ்திரி போடுவதைவிட, சனிக்கிழமை நண்பகலில் ஒரே மூச்சில் போட்டுவிடலாம். இதில் அம்மாவுக்கும் நிம்மதி.

இன்னொரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். எல்லா விளக்கையும் விசிறியையும் அணைத்து, குளிர்பெட்டியையும் சில நிமிடம் நிறுத்திவிட்டு, மின்வாரிய மீட்டரின் முன் நின்று பாருங்கள். சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பதும் மீட்டர் முகப்பில் அச்சிட்டிருக்கும். எல்லாம் நின்ற பின்னும் அது சிமிட்டினால், தொலைக்காட்சிப் பெட்டியோ, செருகியே கிடக்கும் சார்ஜரோ, எங்கோ ஒன்று இன்னும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பது தம்பி தங்கையருக்கு நல்ல விளையாட்டு.