லைப்ரரி இலவசம், பொறுப்பு யாருடையது?

மைசூரு ஹெப்பாளில் இன்ஃபோசிஸின் பெரிய பயிற்சி வளாகம் இருக்கிறது. ஆனால் ஊரிலுள்ள ஸ்கேன் சென்டருக்கும் தனியார் பள்ளிக்கும் இணையதளம் எழுதித் தருவது பெரும்பாலும் நாலைந்து பேர் வேலை பார்க்கும் சின்ன அலுவலகங்கள்தான். உங்கள் செல்பேசி எண்ணும் பரிசோதனை முடிவும் சர்வருக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே ஒரு லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் வழியாகப் போய்வருகின்றன. நோட்.ஜேஎஸ் என்ற நிரல் சூழலில் எழுதுபவர்கள் பலர் இதற்கு எடுத்துக்கொள்வது மைஎஸ்கியூஎல்2 என்ற திறந்தமூல லைப்ரரி.

அது எம்ஐடி உரிமத்தில் வருகிறது. காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கிற மென்பொருளிலும் சேர்க்கலாம். பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே உரிமம், எந்த உத்தரவாதமும் கிடையாது, இழப்பு வந்தால் எழுதியவர் பொறுப்பல்ல என்றும் சொல்கிறது. ஆகவே அதை நம்பித் தொழில் செய்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. 2024 ஏப்ரலில் இந்த லைப்ரரியின் 3.9.4க்கு முந்தைய பதிப்புகளில் ஓர் ஓட்டை வெளியே தெரிந்தது. வெளியாள் தன் நிரலையே உங்கள் சர்வரில் ஓட்டிவிடக் கூடிய அளவுக்கு ஆபத்தானது. 3.9.7 இன்னோர் ஓட்டையை அடைத்தது. பராமரிப்பவர்கள் திருத்தத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஒப்படைத்துப் பணம் வாங்கியதோடு மறந்துபோன தளங்களில் அதை யார் போடுவது? பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2015இல் ஏறத்தாழ 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் பறிபோயின. அதற்கு வழிவிட்ட ஓட்டைக்கும் திருத்தம் ஏற்கெனவே இருந்தது, யாரும் போடவில்லை. அபராதம் 4 லட்சம் பவுண்டு.

லைப்ரரி சரியாக இருந்தும் எழுதும் முறையால் வாசல் திறந்துகொள்வதும் உண்டு. பயனர் தட்டியதை, தரவுத்தளத்துக்குப் போகும் எஸ்கியூஎல் கட்டளையோடு அப்படியே ஒட்டினால், அவர் தட்டியதே கட்டளையாகிவிடும். மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்து, மதிப்பைத் தனியாகத் தர வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று: மைஎஸ்கியூஎல்2க்கு முந்தைய மைஎஸ்கியூஎல் லைப்ரரியில் கேள்விக்குறியை லைப்ரரியே நிரப்பி, முழு வாக்கியமாக அனுப்புகிறது. கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜேசன் ஆப்ஜெக்டை அனுப்பினால் நிபந்தனையின் பொருளே மாறி, கடவுச்சொல் தெரியாதவரும் உள்ளே நுழையலாம். வந்தது சரம் (வெறும் எழுத்துத்தொடர்) தானா என்று முதலில் சரிபாருங்கள். மைஎஸ்கியூஎல்2இல் 'எக்ஸிகியூட்' அழைப்பைப் பயன்படுத்துங்கள். அதில் கட்டளையும் மதிப்பும் தனித்தனியே சர்வருக்குப் போகும். தளத்துக்கு, தரவுத்தளத்தில் எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' கணக்கைக் கொடுக்காதீர்கள். லைப்ரரிகளில் தெரிந்த ஓட்டைகளைச் சொல்லும் என்பிஎம் ஆடிட்டை மாதம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

தளம் எழுதி வாங்கும் மருத்துவர்களும் பள்ளி நிர்வாகிகளும் ஒப்பந்தத்திலேயே இரண்டைக் கேளுங்கள்: எந்தெந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்ற பட்டியல், பாதுகாப்புத் திருத்தங்களை யார், எத்தனை நாளில் போடுவார் என்ற உறுதி. ஊடுருவல் நடந்தது தெரியவந்தால் 2022ஆம் ஆண்டு உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள், இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும்.

விவரம் பறிபோனவர் என்ன செய்யலாம்? பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறும். மைசூரு நகர சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கவனக்குறைவான நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது, கசிவை உங்களிடம் தெரிவிக்கவும் கட்டாயப்படுத்துகிறது. இந்தக் கடமைகள் 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன. அபராதத் தொகையும் அரசுக்குத்தான் போகும்.

பாதிக்கப்பட்டவருக்கே இழப்பீடு தருவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43அ பிரிவு. கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு போன்றவை நிறுவனத்தின் அலட்சியத்தால் கசிந்து இழப்பு நேர்ந்தால், 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் வைக்கலாம். அவர்தான் தீர்ப்பு அதிகாரி. புதிய சட்டம் முழுமையாக அமலாகும்போது இந்தப் பிரிவு நீக்கப்படுகிறது. மாற்று வழி வைக்காமல் அதை எடுப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். இழப்பு நேர்ந்தவர்கள் ஆதாரங்களைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பிரிவு இருக்கும்போதே மனு கொடுத்துவிடுங்கள்.