நிலத்தடித் தொட்டியும் நிலத்தின் மேல் தாள்களும்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் லிட்டில் இந்தியாவை ஒட்டிய சாலைகளிலோ உள்ள ஒரு பெட்ரோல் நிலையத்திற்குள் நுழைந்தால் நம் கண்ணில் படுபவை கூரை, பம்புகள், கட்டண முகப்பு, ஒரு சிறு கடை. அந்த நிலையத்தின் உண்மையான பொருள் நம் கண்ணில் படுவதில்லை. பல்லாயிரம் லிட்டர் பெட்ரோலும் டீசலும் நம் காலடியில், மண்ணுக்குள் புதைக்கப்பட்ட தொட்டிகளில் கிடக்கின்றன. தரையில் வரிசையாகத் தெரியும் சிறு வட்ட இரும்பு மூடிகள் மட்டுமே அவற்றின் அடையாளம்.

தீ எளிதில் பற்றக்கூடிய எண்ணெயை மண்ணுக்குள் வைப்பது பாதுகாப்பானது. வெயில் படாது, வாகனம் மோதாது, தீ எளிதில் எட்டாது. ஆனால், இந்த நன்மையே ஒரு தீமையையும் உடன் கொண்டு வருகிறது. தரைக்கு மேல் இருக்கும் தொட்டி ஒழுகினால் வழிப்போக்கன்கூடப் பார்த்துவிடுவான். தரைக்குக் கீழ் இருக்கும் தொட்டி ஒழுகினால் ஆண்டுக்கணக்கில் எவருக்கும் தெரியாது. எனவேதான், கண் செய்ய வேண்டிய வேலையைத் தாள் செய்ய வேண்டியிருக்கிறது. உரிமம், வரைபடம், சோதனைச் சான்றிதழ், அன்றாடக் கணக்கு ஆகியவற்றை வெறும் அலுவலகத் தொல்லை என்று நாம் நினைக்கிறோம். மண்ணுக்குள் இருப்பதைப் பார்க்க அவற்றைத் தவிர நமக்கு வேறு வழி குறைவு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்ணின் குணம்

கிள்ளான் பள்ளத்தாக்கின் மண் எங்கும் ஒரே மாதிரியானது அன்று. பிரிக்பீல்ட்ஸுக்கு அப்பெயர் வந்ததே அங்கிருந்த செங்கல் சூளைகளால்தான். 1880-களில் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகள் செங்கற்கட்டடங்களாக மாறியபோது அதற்கான களிமண் இங்கே கிடைத்தது. களிமண்ணில் எண்ணெய் மெதுவாகவே நகரும். கோலாலம்பூரின் வேறு பல பகுதிகளிலோ அடியில் சுண்ணாம்புப் பாறை உள்ளது. அதில் குகைகளும் வெடிப்புகளும் ஏராளம். அவ்வழியே இறங்கும் திரவம் எங்கே வெளிப்படும் என்று கணிப்பது கடினம்.

கிள்ளானின் நிலைமை வேறு. அங்குள்ள மென்மையான கடற்களிமண்ணில் நிலத்தடி நீர் மட்டம் உயரமாக இருக்கிறது. உப்புக் கலந்த ஈரம் இரும்பை விரைவில் அரிக்கும். அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. 30,000 லிட்டர் கொள்ளளவு கொண்ட தொட்டி காலியாக இருக்கும்போது, சுற்றியுள்ள நீர் அதை ஏறத்தாழ 30 டன் விசையோடு மேலே தள்ளும். எனவே, அடியில் கான்கிரீட் தளம் அமைத்துத் தொட்டியைப் பட்டைகளால் கட்டி வைக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் எண்ணெய் ஊற்றும் வாய் வழியாக நீர் உள்ளே புகுவதும் உண்டு. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளானும் ஷா ஆலமும் மூழ்கியதை நாம் மறந்திருக்க முடியாது.

பழைய தொட்டிகள் ஒற்றைச் சுவர் கொண்ட இரும்புத் தொட்டிகள். இன்று இரட்டைச் சுவர்த் தொட்டிகள் வந்துவிட்டன. இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள வெளியில் ஓர் உணர்கருவி இருக்கும். உட்சுவர் ஒழுகினால் எண்ணெய் மண்ணைத் தொடும் முன்பே கருவி ஒலி எழுப்பிவிடும்.

எந்தத் தாள், எந்த அலுவலகம்?

நம் நாட்டில் நிலத்தடித் தொட்டிக்கென்று தனியாக ஒரே சட்டம் இல்லை. பல சட்டங்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்திருக்கின்றன எனலாம்.

முதலாவது, நிலமும் கட்டடமும். நிலத்தின் பயன்பாட்டு வகை தேசிய நிலச் சட்டத்தின்படி பொருந்த வேண்டும். பிறகு திட்ட அனுமதி பெற வேண்டும். கிள்ளானில் இதை 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் ஊராட்சி மன்றம் வழங்குகிறது. 2024 பிப்ரவரி முதல் அது கிள்ளான் அரச மாநகர் மன்றம் எனப்படுகிறது. பிரிக்பீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசத்தைச் சேர்ந்தது என்பதால் அங்கே 1982-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பொருந்தும். அனுமதி தருவது கோலாலம்பூர் மாநகர் மன்றம். கட்டட வரைபடங்களைத் தீயணைப்பு மீட்புத் துறையும் பார்க்கிறது.

இரண்டாவது, எண்ணெயைச் சேமித்து வைப்பது. இதற்கு அடிப்படையாக இருப்பது 1984-ஆம் ஆண்டு பெட்ரோலியப் பாதுகாப்பு நடவடிக்கைச் சட்டம். சாலை, இரயில், நீர்வழி, குழாய் ஆகியவற்றின் மூலம் பெட்ரோலியத்தைக் கொண்டு செல்வதையும், அதைச் சேமித்துக் கையாளுவதையும் இச்சட்டம் தனித்தனிப் பகுதிகளாக வகுத்துள்ளது. சேமிப்பு உரிமத்தை ஊராட்சி மன்றங்கள் வழங்குகின்றன.

மூன்றாவது, விற்பனை. 1974-ஆம் ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம், 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆகிய இரண்டும் இங்கே வருகின்றன. இவற்றைக் கவனிப்பது உள்நாட்டு வாணிப அமைச்சு. கிள்ளானில் லோரி நிறுவனம் நடத்துவோர் தம் வளாகத்திலேயே டீசல் தொட்டி வைத்துக்கொள்ள விரும்பினால், 'பெர்மிட் பாராங் கவாலான் பெர்ஜடுவல்' எனப்படும் அனுமதியை இதே அமைச்சிடம் பெற வேண்டும். சொந்தப் பயனுக்குத்தானே என்று அனுமதியில்லாமல் டீசலைச் சேமிப்பது குற்றமாகும்.

நான்காவது, சுற்றுச்சூழல். தொட்டியைக் கழுவும்போது வரும் எண்ணெய்ச் சேறும், எண்ணெய் சிந்திய இடத்தைத் துப்புரவு செய்யும்போது அள்ளப்படும் மண்ணும் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவுகள் ஆகும். அவற்றைச் சாதாரணக் குப்பையோடு வீச முடியாது. கழிவு உண்டான 30 நாட்களுக்குள் சுற்றுச்சூழல் துறைக்கு அறிவிக்க வேண்டும். 180 நாட்களுக்கு மேலோ, 20 டன்னுக்கு மேலோ இருப்பில் வைத்திருக்கக் கூடாது. கழிவு எங்கிருந்து எங்கே போனது என்ற பதிவை மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும்.

ஐந்தாவது, தொழிலாளர் பாதுகாப்பு. காலியான தொட்டி என்பது உண்மையில் காலியானது அன்று. அதில் எண்ணெய் ஆவி நிறைந்திருக்கும். அதற்குள் இறங்குபவருக்கு எழுத்து மூலமான நுழைவு அனுமதி வேண்டும். காற்றில் உயிர்வாயு 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று அளந்து பதிவு செய்ய வேண்டும். வெளியே காவலுக்கு ஒருவர் நிற்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் குறுகிய இடப் பணி நெறிமுறை கூறுவது இது. இந்த ஒரு தாளைத் தவிர்ப்பதன் விலை ஓர் உயிராகவே இருக்கக்கூடும்.

அன்றாடக் கணக்கு சொல்லும் செய்தி

மேற்சொன்ன உரிமங்கள் ஒருமுறை பெற்றுப் பின் புதுப்பிக்கப்படுபவை. தினமும் எழுதப்படும் கணக்கோ தொட்டியின் நாடித்துடிப்பைப் போன்றது. எடுத்துக்காட்டாக ஒரு தொட்டியை எண்ணிப் பார்ப்போம். காலையில் இருப்பு 12,400 லிட்டர். அன்று வந்திறங்கியது 10,000 லிட்டர். விற்பனை 8,150 லிட்டர். எனவே, மறுநாள் காலையில் 14,250 லிட்டர் இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் 14,190 லிட்டர்தான் இருக்கிறது. 60 லிட்டர் எங்கே போயிற்று?

உடனே கசிவு என்று முடிவு கட்டக் கூடாது. பெட்ரோல் ஒரு பாகை செல்சியஸ் வெப்பத்திற்கு ஏறத்தாழ 0.12 விழுக்காடு விரியும் அல்லது சுருங்கும். வெயிலில் வந்த லோரியின் 10,000 லிட்டர் எண்ணெய் மண்ணுக்குள் 5 பாகை குளிர்ந்தாலே 60 லிட்டர் சுருங்கிவிடும். ஆகவே, ஒரு நாளின் கணக்கு எதையும் உறுதிப்படுத்தாது.

ஆனால், முப்பது நாளும் 60 லிட்டர் வீதம் குறைந்துகொண்டே போனால்? மாதத்திற்கு 1,800 லிட்டர். இங்கே ஒரு முக்கியமான செய்தி உள்ளது. அமெரிக்க விதிமுறையில் மாதக் கணக்கிற்கான எல்லை, விற்பனையில் 1 விழுக்காடும் அதோடு 130 கேலனும் ஆகும். நம் எடுத்துக்காட்டில் இது ஏறக்குறைய 2,900 லிட்டர். அப்படியானால் 1,800 லிட்டர் குறைவு 'எல்லைக்குள்' அடங்கிவிடும். கோப்பில் எந்தச் சிவப்புக் கோடும் விழாது. கணக்கை நிரப்புவது வேறு, கணக்கைப் படிப்பது வேறு என்பதற்கு இதுவே சான்று. சில நாள் கூடியும் சில நாள் குறைந்தும் வந்தால் அது இயல்பு. எப்போதும் குறைந்தே வந்தால் கசிவோ, திருட்டோ, பழுதான பம்போ காரணமாக இருக்கலாம். இதனால்தான் அமெரிக்காவில் இந்தக் கணக்கை மட்டும் நம்பியிருக்க விடுவதில்லை. தொட்டிக்குக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை கசிவுச் சோதனையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

அமெரிக்கா கற்ற பாடம்

அந்நாட்டில் இந்த விழிப்பு எளிதில் வந்துவிடவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் புதைத்த இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்து, கிணற்று நீரில் பெட்ரோல் வாடை வீசத் தொடங்கிய பிறகே 1984-இல் சட்டம் வந்தது. 1988-இல் விதிமுறைகள் பிறந்தன. பழைய தொட்டிகளை மேம்படுத்தவோ மாற்றவோ மூடவோ 1998 டிசம்பர் 22 வரை பத்தாண்டு அவகாசம் தரப்பட்டது. தொட்டிகளைப் பதிவு செய்து தேடத் தொடங்கியதும் கண்டறியப்பட்ட கசிவுகள் இன்று வரை ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன. பட்டியல் இல்லாத காலத்தில் கசிவு இல்லாமல் இல்லை; அது தெரியாமல்தான் இருந்தது.

நம்மில் பெரும்பாலோர் கிணற்று நீர் குடிப்பதில்லை. ஆற்று நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறோம். எனவே, மண்ணில் கசிந்த எண்ணெயின் வாடை நம் குழாயில் நேராக வீசாது. அதற்காக நமக்கு ஆபத்து இல்லை என்று பொருளன்று. மண்ணில் இறங்கியது கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து ஆற்றுக்கும் போகும். 2019 ஜூலையில் சிலாங்கூர் ஆற்றில் டீசல் கலந்ததால் நான்கு சுத்திகரிப்பு ஆலைகள் நிறுத்தப்பட்டன. அது நிலத்தடித் தொட்டியால் வந்த கேடன்று. எனினும், சிறிதளவு எண்ணெய் ஒரு பள்ளத்தாக்கையே வாளியோடு வரிசையில் நிற்க வைக்கும் என்பதை அது காட்டியது.

அதேபோல், 2025 ஏப்ரல் 1-ஆம் நாள் பூத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொட்டியும் குழாயும் வேறு வேறு. ஆனால், முன்னர் குறிப்பிட்ட 1984-ஆம் ஆண்டுச் சட்டமே இரண்டையும் தொடுகிறது. குழாயைத் தாங்கியிருந்த மண் வலுவிழந்ததை அதே ஆண்டு ஜூன் 30-இல் வெளியான விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. புதைத்ததோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

நிலையம் மூடிய பிறகு

நம் ஏற்பாட்டில் உள்ள பெரிய இடைவெளி இங்குதான். நிலையம் இயங்கும்வரை உரிமம் இருக்கும். ஆண்டுக்கொருமுறை யாராவது வந்து பார்ப்பார்கள். மூடியதும் உரிமம் முடிந்துவிடுகிறது. தொட்டி தோண்டி எடுக்கப்பட்டதா, மணல் நிரப்பி அங்கேயே விடப்பட்டதா, கீழே உள்ள மண் சோதிக்கப்பட்டதா? இந்த விவரங்கள் பல அலுவலகங்களின் கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. நிலப்பட்டாவில் இவை எழுதப்படுவதில்லை.

மண்ணை மாசுபடுத்துவதை 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தடுக்கிறது. 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இச்சட்டத்தில் மாசுக் குற்றங்களுக்கான உச்ச அபராதம் ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. மாசடைந்த நிலத்தைச் சோதித்துத் துப்புரவு செய்யும் முறைகளைச் சுற்றுச்சூழல் துறை 2009-இல் மூன்று வழிகாட்டிகளாக வெளியிட்டது. ஆயினும், அவை வழிகாட்டிகள், சட்டமல்ல.

ஆகவே, பழைய எண்ணெய் நிலையமோ பட்டறையோ லோரி நிறுத்துமிடமோ இருந்த நிலத்தை வாங்குவோரும் வாடகைக்கு எடுப்போரும் தாமே கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு:

1. தொட்டிகள் எத்தனை, எங்கே புதைக்கப்பட்டன என்பதைக் காட்டும் வரைபடம்.
2. அவை எடுக்கப்பட்டதற்கான அல்லது நிரப்பி மூடப்பட்டதற்கான ஆவணம்.
3. தொட்டிக் கழிவும் மாசடைந்த மண்ணும் உரிமம் பெற்ற இடத்திற்குச் சென்றதைக் காட்டும் ஒப்படைப்புப் பதிவு.
4. தொட்டியின் அடியிலும் குழாய்ப் பாதையிலும் எடுத்த மண், நிலத்தடி நீர் மாதிரிகளின் ஆய்வக அறிக்கை.
5. பின்னாளில் மாசு தெரிய வந்தால் செலவு யாருடையது என்பதைக் கூறும் ஒப்பந்த விதி.

இவற்றைக் கேட்காமல் கையொப்பமிடுபவர், வேறொருவர் விட்டுச் சென்ற கசிவையும் சேர்த்தே வாங்கக்கூடும்.

நாம் செய்யக்கூடியது

இந்தத் தாள்கள் யாவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. கிள்ளான் லோரி வளாகங்களிலும் பட்டறைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் வேலை செய்யும் நம்மவர் பலர், என்ன எழுதியிருக்கிறது என்று முழுமையாக அறியாமலேயே கையொப்பமிடுகிறார்கள். தொட்டிக்குள் இறங்கும் முன் எதைக் கேட்க வேண்டும், கணக்கில் குறைவு தொடர்ந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், கழிவை எங்கே கொட்டக் கூடாது என்பவற்றை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதித் தருவது அரிய வேலையன்று. பொறியியல் மாணவர் விவரத்தைத் தரலாம். சட்ட மாணவர் சரிபார்க்கலாம். தமிழ் மாணவர் எழுதலாம். பட்டம் பெற்று இத்துறைகளில் பணியாற்றும் நம் முன்னாள் மாணவர்களும் கைகொடுத்தால் அந்த ஒரு பக்கம் அடுத்த ஆண்டு மலருக்குள் தயாராகிவிடும்.