நிற்கும்போதே இறங்கும் பேட்டரி

கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் ஏப்ரல் தொடங்கி அக்டோபர் கடைசி வரை லெட்யூஸ் கீரை அறுக்கிறார்கள். குளிர் எட்டிப் பார்த்ததும் தொழிலே இடம்பெயர்கிறது. சுமார் 900 கிலோமீட்டர் தள்ளி, அரிசோனாவின் யூமாவில் மார்ச் வரை அறுவடை நடக்கும். ஆட்கள் மட்டும் போவதில்லை. கீரையை நறுக்கிப் பையில் அடைக்கும் ஆலைகள் சில, இயந்திரங்களையே கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். ஆண்டுக்கு இருமுறை நடக்கும் இந்தப் பெயர்ச்சிக்கு நடுவே, வேலை குறைந்த யார்டுகளில் குளிர்சாதன டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். ஓட்டுநர்கள் ரீஃபர் என்று அழைக்கும் இந்த டிரெய்லரை, அடுத்த லோடு வரும்வரை பலரும் மறந்துவிடுகிறார்கள். கெடுதல் தொடங்குவது அங்கேதான்.

ரீஃபரின் முன்சுவரில் பொருத்தியிருக்கும் குளிர்சாதன யூனிட், இழுத்துச் செல்லும் லாரியை நம்பி இருப்பதில்லை. அதற்குச் சொந்தமாக ஒரு சிறிய டீசல் எஞ்சின், தனி டேங்க், தனி பேட்டரி. மினியாபோலிஸில் 1930களின் இறுதியில் இந்த ஏற்பாட்டுக்கு வழி வகுத்தவர் ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ். சிறுவயதிலேயே பள்ளியை விட்டு, தானாகவே படித்துப் பொறியியல் கற்ற கறுப்பினத்தவர். அதுவரை பனிக்கட்டியையும் உப்பையும் நம்பி ஓடிய உணவு லாரிகளுக்கு, சாலையின் குலுக்கலைத் தாங்கும் குளிர்சாதனத்தைச் செய்து கொடுத்தார். 1961இல் இறந்த அவருக்கு அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது 1991இல். முப்பது ஆண்டுத் தாமதம் மனதை உறுத்துகிறது.

சொந்த எஞ்சின் இருப்பதால் டிரெய்லரை எங்கே கழற்றி விட்டாலும் உள்ளே குளிர் நிற்கும். அதே காரணத்தால், அந்த எஞ்சின் ஓடாத நாளில் அதன் பேட்டரிக்கு வழக்கமாக வேறு சார்ஜும் கிடையாது. செலவோ நிற்பதில்லை. வண்டி எங்கே இருக்கிறது, கதவு திறந்திருக்கிறதா, டீசல் எவ்வளவு என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒருபக்கம். சுவிட்சை அணைக்காமல் விட்டால் விழித்தே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை மறுபக்கம். இரண்டும் சேர்ந்து வெறும் 100 மில்லி ஆம்பியர்தான் எடுக்கின்றன என்று வையுங்கள். நாளுக்கு 2.4 ஆம்பியர்-மணி. 30 நாளில் 72. பேட்டரியின் கொள்ளளவே 100 என்றால், மாதம் முடிவதற்குள் செல்ஃப் எடுக்காது.

நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை ஒரு கோடை முழுக்க இறங்கிய நிலையில் போட்டுவிட்டால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கும். காலியாகக் கிடக்கும் ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டிப்படும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு திரும்பாது. ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி போய்விட்டது. ஒரு சாதாரண மீட்டரை வைத்து ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்த ஒரு நிமிடம்தான் பெரும்பாலும் யாருக்கும் ஒதுக்கப்படுவதில்லை.

குளிர்காலத்தில் பேட்டரி செத்தது என்று சொல்கிறோம். உண்மையில் அதைக் கொல்வது பெரும்பாலும் வெயில். சூடு ஏற ஏற பேட்டரி தானாகவே இறங்கும் வேகமும் கூடும். உள்ளே தகடுகள் அரிக்கும் வேகமும் கூடும். யூமாவில் கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அங்கே வெயிலில் நின்ற பேட்டரி இலையுதிர்காலத்தில் எப்படியோ ஒப்பேற்றிவிடும். ஜனவரியில் சிகாகோவுக்குப் போய், உறைபனியில் எஞ்சினைச் சுழற்ற வேண்டிய நொடியில் கைவிரிக்கும். டீசலும் அப்படித்தான். வெப்பமான ஊரில் நிரப்பிய டீசல் வடக்கே போனதும் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். லாரியின் டேங்கில் வழியில் குளிர்கால டீசல் ஊற்றியிருப்பார்கள். ரீஃபரின் தனி டேங்கில் யூமா டீசலே கிடக்கும்.

பேட்டரி மட்டுமே பிரச்சினை என்றால் சார்ஜர் வாங்கி மாட்டிவிட்டுப் போகலாம். ஆனால் கம்ப்ரசரின் சுழல்தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சீல் உண்டு. அதை ஈரமாக வைத்திருப்பது எண்ணெய்ப் படலம். பல வாரம் ஓடாமல் நின்றால் படலம் வடிந்து, சீல் காய்ந்து, குளிர்வாயு கசியத் தொடங்கும். அதனால்தான் மாதம் ஒருமுறையாவது யூனிட்டை ஓட்டச் சொல்கிறார்கள். ஓட்டுவதிலும் முறை இருக்கிறது. ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பவர்கள் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்கிறார்கள். எஞ்சினைச் சூடாக்கும் க்ளோ பிளக்கும் ஸ்டார்ட்டரும் எடுத்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் திருப்பித் தரவே அதைவிட நேரம் வேண்டும். நன்றாக ஓடவிட்டு, குளிர், சூடு, பனி நீக்கம் என்று எல்லா வேலையையும் செய்யவைத்துப் பார்த்தால்தான் அது சோதனை.

கூரையில் சூரியத் தகடு ஒட்டுவது இப்போது பரவி வருகிறது. டீசல் புகை இல்லாமல் பேட்டரியைக் காப்பதால் எனக்கு அதில் முழுச் சம்மதம். யார்டுகளை ஒட்டி மனிதர்கள் குடியிருக்கிறார்கள். இந்த யூனிட்டுகளின் புகைக்குக் கலிஃபோர்னியா 2004இலேயே விதி கொண்டுவந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் சூரியத் தகடு சீலை நனைக்காது. டேங்கின் அடியில் சேரும் தண்ணீரை வடிக்காது. தளர்ந்த பெல்ட்டை இறுக்காது.

இவ்வளவையும் செய்ய வேண்டியவர் யார்? பெரிய நிறுவனங்களில் டிரெய்லர் ஒருவர் கையில் நிற்பதில்லை. ஒருவர் கழற்றி விட்டுப் போவார், இன்னொருவர் வந்து மாட்டிக்கொண்டு போவார். கடைசியாக வருபவர் தலையில்தான் பழுது விடியும். ஓடிய மைலுக்குத்தான் கூலி என்று ஓடும் ஓட்டுநருக்கு, ஸ்டார்ட் ஆகாத ரீஃபருக்குக் காவலாக மெக்கானிக்கை எதிர்பார்த்து நிற்கும் மணிகள் பெரும்பாலும் வீண்தான். அவசரத்தில் ஜம்பர் கேபிளை மாற்றிக் கொடுத்தால் கட்டுப்பாட்டுப் பலகையே எரிந்துபோகலாம். இது ஓட்டுநரின் குறை என்று எழுதிவைக்கும் நிர்வாகங்களை என்னால் ஏற்க முடியவில்லை. தயார்நிலை என்பது கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை. சீசன் இல்லாத மாதங்களில் மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பி மிச்சம் பிடிக்கும் பணம், சீசனின் முதல் வாரத்திலேயே கைவிட்டுப் போகிறது.

போவது பணம் மட்டுமா? லெட்யூஸ் 0 பாகையில் மூன்று வாரத்துக்குமேல் தாங்கும். 5 பாகையில் இரண்டு வாரம்தான். அறுத்த கீரையின் வயல்சூட்டை வெற்றிடக் குளிரூட்டியில் முன்பே இறக்கிவிடுகிறார்கள். ரீஃபரின் வேலை அந்தக் குளிரைக் காப்பது. சூடான பொருளைக் குளிர்விக்கும் வலு அதற்குப் போதாது. அதனால் ஏற்றுவதற்கு முன்பே டிரெய்லர் குளிர்ந்திருக்க வேண்டும். யூனிட் எழும்பாமல் போகும் சில மணி நேரத்தில், குனிந்து குனிந்து அறுத்தவர்களின் உழைப்பு சரக்கு ஏற்றும் மேடையில் சூடேறிக்கொண்டிருக்கும்.

சரக்குக் காப்பீட்டில் ரீஃபர் பழுதுக்கென்று தனிப் பிரிவு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பாலிசிகள் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்கும். அதில் பெரும்பாலும் டிரெய்லர் ஓடிய மாதங்களின் சர்வீஸ் மட்டுமே இருக்கும். நின்ற மாதங்களுக்கும் தேதி, வோல்ட், ஓடிய நேரம், பார்த்தவரின் கையெழுத்து என நான்கு கட்டம் போட்ட ஒரு தாளை யூனிட்டின் கதவுக்குள்ளேயே தொங்கவிடலாம். அடுத்து வரும் ஓட்டுநர் முதலில் பார்ப்பது அதுவாக இருக்கட்டும்.