டர்பன் இந்தியர்கள் யாருடைய குடிமக்கள்?

வெளிநாட்டில் தன் குடிமகனுக்கு அநீதி நேர்ந்தால் அவனுடைய அரசு தட்டிக் கேட்கலாம் என்பது சர்வதேசச் சட்டத்தின் பழைய விதி. அதற்கு முதல் நிபந்தனை குடியுரிமை. 1860 முதல் சென்னையிலும் கல்கத்தாவிலும் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்காக இந்தியா எந்த உரிமையில் பேசுவது? 1927இல் இரு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட கேப்டவுன் உடன்பாட்டுக்குப் பின் வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் முதல் ஏஜென்ட்டாகப் போய், வெள்ளை அமைச்சர்களிடம் நயமாகவே பேசிப் பார்த்தார். டர்பனில் ஒரு கல்லூரி கிடைத்தது, அவர் பெயரிலேயே. ஆனால் அதே உடன்பாட்டில், இந்தியர்களுக்குப் பணம் கொடுத்து ஊருக்குத் திருப்பியனுப்பும் திட்டத்துக்கும் இந்தியா ஒப்புக்கொண்டிருந்தது. சட்டத்தின் கடுமையைத் தூதர் கொஞ்சம் தணிக்கலாம். இனத்தைப் பார்த்தே எழுதிய சட்டத்தை அவரால் அசைக்க முடியாது.

1946 ஜூனில் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு கொண்டுவந்த சட்டம், நேட்டாலில் இந்தியர்கள் நிலம் வாங்கக்கூடிய இடங்களைக் குறுக்கியது. பதிலுக்கு நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் தந்தது, பிரதிநிதி வெள்ளையராகத்தான் இருக்க வேண்டும்! அதை எதிர்த்து டர்பனில் கேல் தெரு முனையில் நகராட்சியின் காலி மனையில் மக்கள் கூடாரமடித்து உட்கார்ந்தார்கள். வெள்ளைக் கும்பல்கள் வந்து தாக்கின. சுமார் இரண்டாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள். இன்னும் சுதந்திரமே பெறாத இந்தியா தன் ஹைகமிஷனரைத் திரும்ப அழைத்து, வர்த்தகத்தை நிறுத்தி, ஐ.நா.வுக்குப் போனது. இவர்கள் எங்கள் பிரஜைகள், இது எங்கள் உள்விவகாரம் என்றார் ஸ்மட்ஸ். பழைய விதியை வைத்துப் பார்த்தால் அது லேசில் தள்ளக்கூடிய வாதமல்ல. ஆனால் விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான இந்தியத் தூதுக்குழு குடியுரிமையை நம்பி வழக்காடவில்லை. இரு அரசுகளின் உடன்பாடுகளையும் ஐ.நா. சாசனத்தையும் முன்வைத்தது. டிசம்பர் 8 அன்று 32க்கு 15 என்ற கணக்கில் அந்த வாதத்தை ஏற்ற தீர்மானம் நிறைவேறியது.

அதனால் என்ன பலன், 1950இலேயே இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்து இன்னும் மோசமாகவில்லையா என்று கேட்கலாம். உண்மைதான், வீடிழந்தவர்களுக்கு அந்த ஓட்டுக் கணக்கு ஆறுதல் தந்திருக்காது. ஆனால் இந்தியர்களுக்கு மட்டும் சலுகை கேட்ட சாஸ்திரி பாணி, கறுப்பின மக்களை வழக்குக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தது. சாசனத்தைப் பிடித்த வாதத்தை அப்படி ஓர் இனத்தோடு நிறுத்த முடியாது. 1952இல் ஆசிய, அரபு நாடுகள் சேர்ந்து நிறவெறி ஆட்சி முழுவதையும் தனிப் பொருளாக ஐ.நா.வில் எழுப்பின. 1962இல் இந்தியர் பிரச்சினை என்ற தனித் தலைப்பு அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது.