லோகசாரங்கர் எறிந்த கல்லும் அலெக்ஸின் குமட்டலும்



இன்று நாம் நினைவுகூரும் தோழர் படம் திரையிட்டால், முடிந்ததும் விளக்கைப் போட விடமாட்டார். "அடிபட்டவங்க பக்கமிருந்து ஒருதடவை கதையைச் சொல்லுங்க, அப்புறம் போடலாம்" என்பார். அந்த வேலையை இன்று ஸ்டான்லி குப்ரிக்கின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்தை வைத்துச் செய்து பார்க்கிறோம். 1971இல் வந்த படம். அந்தோணி பர்ஜெஸ் 1962இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அலெக்ஸ் பள்ளிக்கு மட்டம் போடும் பையன். மூன்று கூட்டாளிகளோடு இரவில் கிளம்புவான். தெருவோரம் கிடக்கும் கிழவரை அடிப்பான். ஓர் எழுத்தாளரின் வீட்டில் புகுந்து, அவர் கண்ணெதிரே அவர் மனைவியை வல்லுறவு செய்வான். ஒரு கொலைக்குப் பிறகு மாட்டிக்கொள்கிறான். அரசு அவனைச் சிறையிலிருந்து எடுத்துப் புதிய சிகிச்சை ஒன்றுக்கு அனுப்புகிறது. அதன் பெயர் லுடோவிகோ முறை. இமைகளை மூடவிடாமல் கொக்கி மாட்டி, குமட்டல் வரும் மருந்தை ஏற்றி, வன்முறைக் காட்சிகளை நாள்கணக்கில் காட்டுகிறார்கள். அதன்பிறகு கையை ஓங்க நினைத்தாலே அவனுக்கு வயிற்றைப் புரட்டுகிறது. பின்னணியில் ஓடிய பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியும் அவனுக்கு ஆகாமல் போகிறது. சிறைப் பாதிரியார் மட்டும் எதிர்க்கிறார்: தேர்ந்தெடுக்க முடியாதவன் நல்லவனாக இருந்து என்ன பயன்? அமைச்சருக்கு அந்தக் கவலை இல்லை. அரசியல் கைதிகளுக்குச் சிறையில் இடம் வேண்டும், அவ்வளவுதான். அலெக்ஸின் பழைய கூட்டாளிகள் இருவர் இதற்குள் போலீஸ்காரர்களாகிவிட்டார்கள் என்பதை நம்மூர்க்காரர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மேற்கில் இந்தப் படத்தைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக நடக்கும் விவாதம் பெரும்பாலும் பாதிரியாரின் கேள்வியைச் சுற்றியது. நல்ல கேள்விதான். ஆனால் அது ஒன்றை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. சிகிச்சைக்கு முன்னால் அலெக்ஸ் சுதந்திரமாக இருந்தான், வன்முறையை அவனே தேர்ந்தெடுத்தான் என்று. அந்த இடத்தில்தான் நாம் நிற்க வேண்டியிருக்கிறது.

அதற்குக் காவிரிக்கரை வரை போனால் போதும். திருப்பாணாழ்வார் கதை உங்களுக்குத் தெரியும். உறையூர்ப் பாணர். திருவரங்கத் தீவில் கால் வைக்காமல் தென்கரையில் நின்றே பாடியவர். பெருமாளின் திருமஞ்சனத்துக்கு நீரெடுக்க வந்த லோகசாரங்கர் விலகிப் போகச் சொல்கிறார். பாட்டில் லயித்திருந்தவருக்குக் கேட்கவில்லை. கல் பறக்கிறது, நெற்றி பிளக்கிறது. கோயிலுக்குத் திரும்பினால் பெருமாளின் நெற்றியில் இரத்தம். அன்றிரவு கனவில் கட்டளை. மறுநாள் அதே லோகசாரங்கர் பாணரைத் தோளில் தூக்கிவருகிறார்.

இதைப் பக்தியின் வெற்றியாகச் சொல்வார்கள். நாம் வேறு இரண்டைக் கவனிப்போம். கல்லை எறியும் முன் லோகசாரங்கர் யோசித்ததாகக் கதையில் எங்குமில்லை. எதிரில் நிற்பவன் இன்னான் என்று கண் சொன்னது, கை எறிந்தது. பின்னர் தூக்கியதும் யோசித்தல்ல, அஞ்சி. கல்லும் அவருடைய முடிவல்ல, தோளும் அவருடைய முடிவல்ல. இரண்டாவது, வேண்டாம் என்று மறுத்த பாணரின் பேச்சு எடுபடவில்லை. கருவறைக்குள் போன அவர் பத்துப் பாசுரம் பாடி அங்கேயே மறைந்தார் என்று கதை முடிகிறது. தெருவில் நடந்து வீடு திரும்பினார் என்று முடித்திருந்தால் தெருக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டி வந்திருக்கும். போதாததற்கு, அவர் பாணர் வயிற்றில் பிறந்தவரே அல்லர், நெல்வயலில் கிடைத்த குழந்தை என்று குருபரம்பரைக் கதை பிறப்பையும் கழுவிவிடுகிறது. கனவில் வந்த கட்டளை ஒருவரைத்தான் திருத்தியது. கோயில் கதவு எல்லோருக்கும் சட்டப்படி திறக்க, சென்னை மாகாணத்தில் 1947இன் ஆலயப் பிரவேசச் சட்டம் வரவேண்டியிருந்தது.

தீட்டு என்பது லுடோவிகோ முறைதான் என்று சொன்னால் மிகையாகாது. தனிக் குவளையையும், பாட்டி முகம் சுளிப்பதையும், 'அங்க போகாத' என்பதையும் பேசத் தெரியும் முன்பே குழந்தை உடம்பில் வாங்கிக்கொள்கிறது. கொக்கி தேவையில்லை, மருந்து தேவையில்லை. அலெக்ஸுக்கு வன்முறையைக் கண்டால் குமட்டியது. இங்கே வளர்த்தெடுக்கப்படும் குமட்டல் சமமாக ஒருவன் எதிரே வந்து நிற்பதைக் கண்டு வருவது. சாதி செங்கல் சுவரல்ல, மனத்தின் நிலை என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே எழுதினார். அந்த நிலை வயிற்றுக்கும் கைக்கும் இறங்கிவிட்டது என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்கிறோம். மதம் மாறியும் அது போகவில்லை. இதே திருச்சியில், மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரை நாம் பார்த்திருக்கிறோம். பாதிரியாரின் கேள்வியை நாம் ஏன் பாதி மரியாதையோடு மட்டும் கேட்கிறோம் என்பது புரியும்.

இப்போது நாங்குநேரிக்கு வருவோம். 2023 ஆகஸ்ட். பிளஸ் டூ படிக்கும் தலித் மாணவனைச் சாதி இந்து மாணவர்கள் தொல்லை செய்கிறார்கள். அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்துகிறான். காரணம் கேட்ட பள்ளியிடம் உண்மையைச் சொல்கிறான். அன்றிரவே அவன் வீட்டுக்குள் அரிவாளோடு வந்து வெட்டுகிறார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் சிறார்கள்.

பாதிரியாரின் கேள்வி இங்கே சட்டத்தின் கேள்வியாக வருகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 16 வயது நிறைந்த சிறார் கொடுங்குற்றம் செய்தால், விளைவை அறிந்து செய்யும் திறன் அவருக்கு இருந்ததா, எந்தச் சூழலில் செய்தார் என்று முதலில் மதிப்பிடச் சொல்கிறது. திறன் இருந்ததென்றால் வயதுவந்தவரைப் போல விசாரிக்கலாம். நம் தோழர்களில் பலர் அப்படித்தான் விசாரிக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கோபம் நமக்கும் உண்டு. ஆனாலும் தயங்குகிறோம். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முழுச் சமூகங்களையும் பதிவேட்டில் எழுதிக் காவல்நிலையத்தில் ஆஜராக வைத்தது, சீர்திருத்தக் குடியிருப்புகளில் அடைத்தது. ஏழைச் சாதியின் பையன் திருடினால் 'பிறவிக் குணம்', ஆதிக்கச் சாதியின் பையன் வெட்டினால் 'வழிதவறிய இளைஞன்'. இந்த நாட்டில் சுயவிருப்பம் என்பதையே சாதி பார்த்துத்தான் பங்கிட்டிருக்கிறார்கள். சிறார் சட்டத்தைக் கடுமையாக்கினால் அது முதலில் யார் முதுகில் விழும் என்று நமக்குத் தெரியும்.

அதற்காக அந்தப் பையன்கள் பொறுப்பற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. அதே வகுப்பில், அதே ஊரில், அதே சாதியில் பிறந்து அரிவாளை எடுக்காத பையன்களும் இருக்கிறார்கள். பழக்கம் முழு மனிதனையும் தின்றுவிடுவதில்லை. எனவே வெட்டியவனிடம் கேள்வி உண்டு. ஆனால் அவன் கையில் கயிறு கட்டிவிட்டவர்களிடமும், தொல்லை நடப்பது தெரிந்தும் நாள் கடத்தும் ஆசிரியர்களிடமும் கேள்வி உண்டு. அவர்களுக்கு வயதுவரம்புச் சலுகை கிடையாது.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறும் நெற்றி அடையாளமும் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, ஒரு பகுதியில் பெரும்பான்மையான சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னது. 'கயிற்றை அறுத்தால் மனம் மாறுமா?' என்று கேலி பேசினார்கள். பாதிரியாரின் கேள்வியேதான், இந்த முறை வசதியானவர்களின் வாயில். மனம் மாறும் வரை அந்தத் தங்கை காத்திருக்க முடியாது. அவளுக்கு முதலில் வேண்டியது பள்ளிக்குப் போய்விட்டு முழுக் கையோடு திரும்பும் மாலை. எதிரே வருபவன் விரும்பி விலகினானா, சட்டத்துக்குப் பயந்து விலகினானா என்பதை அவள் பிறகு யோசிப்பாள்.

படத்தில் நமக்கிருக்கும் பெரிய வருத்தமும் இதுதான். தேர்ந்தெடுக்கும் உரிமை போனது என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் துக்கப்படும் கேமரா அலெக்ஸின் முகத்திலேயே நிற்கிறது. எழுத்தாளரின் மனைவி பிறகு செத்துப்போனாள் என்று ஓரிரு வாக்கியத்தில் தெரிகிறது. அவள் எதைத் தேர்ந்தெடுக்க விரும்பியிருப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. நாங்குநேரியின் பையன் இரண்டு தடவை தேர்ந்தெடுத்தான்: பள்ளியை விட்டு விலகினான், பிறகு உண்மையைச் சொன்னான். இரண்டாவது தேர்வுக்குத்தான் வெட்டு விழுந்தது.

சந்துரு அறிக்கையில் ஆசிரியர்களைப் பற்றிய பகுதியைப் படியெடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். விடுதி மாணவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்த பள்ளியில் யார் தலைமையாசிரியராக இருந்தார், யார் கையில் என்ன நிறக் கயிறு இருந்தது, அதைப் பார்த்தும் யார் பேசாமலிருந்தார் என்று நினைவிலிருந்து எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் வாசிக்கப்போகிறோம்.