தூக்குவது வேறு, தாங்குவது வேறு

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, கொக்குவில் பக்கத்து இளைஞர் ஒருவர் என் கடைக்கு வந்தார். தகப்பனார் விட்டுச் சென்ற மொரிஸ் மைனர் காரை வீட்டிலேயே திருத்தப் போவதாகச் சொன்னார். "நானா, நல்ல ஜாக் ஒண்டு தாங்கோ" என்றார். நல்லதாகவே எடுத்துக் கொடுத்தேன். விலையிலும் கொஞ்சம் குறைத்தேன். சந்தோஷமாகப் போனார்.

அடுத்த வாரம் அவருடைய தாயார் வந்தார். கார் சரிந்துவிட்டதாம். மழையில் ஊறிய செம்மண்ணில் ஒரு பலகைத் துண்டை வைத்து, அதன்மேல் ஜாக்கை நிறுத்திக் காரை உயர்த்தியிருக்கிறார். கீழே படுத்து சைலன்சரைக் கழற்றும்போது பலகை ஒரு பக்கமாகப் புதைந்து, ஜாக் சாய்ந்திருக்கிறது. கழற்றிய சில்லொன்றைக் காருக்கு அடியில் தள்ளி வைத்திருந்தபடியால் உயிர் தப்பியது. தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அந்தத் தாய் என்னைக் குறை சொல்லவில்லை. "பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை நானா" என்றார். அந்த ஒருத்தரில் நானும் ஒருவன். பொருளின் குறையை மறைத்து விற்கக்கூடாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஜாக்கில் குறையில்லைதான். ஆனால் அதனால் எது முடியாது என்பதை நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு மறைப்புத்தானே?

இப்போது வீட்டில் வைத்துப் பாவிக்கக்கூடிய, இடம் மாற்றக்கூடிய கார் லிப்ட் பற்றிப் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். இந்தத் தடவை சொல்லாமல் விட மாட்டேன்.

பழைய காரும் வீட்டுக் கராஜும்

யாழ்ப்பாணத்தாருக்கு வாகனம் திருத்துவது பொழுதுபோக்கல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. 1990 ஒக்டோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட எங்களில் சிலர், 2002இல் ஏ-9 பாதை திறந்தபோது ஊர் பார்க்க வந்தோம். நாங்கள் சிறு வயதில் பார்த்த ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஓடவைத்தது கம்பனிகள் அல்ல, வளவுக்குள் மர நிழலில் வேலை செய்த கைகள்தான்.

பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. இருப்பதைத் திருத்திப் பாவிப்போம் என்ற எண்ணமும் வளர்ந்தது. வீட்டுக் கராஜுக்கு ஆயுதங்கள் வாங்க வருகிறவர்கள் கூடியது அப்படித்தான்.

ஜாக்கும் லிப்டும்

ஹைட்ரோலிக் ஜாக் என்பது எண்ணெயை நம்பி நிற்கும் சாமான். சிறிய பிஸ்டனை நாம் அழுத்த, அந்த அழுத்தம் எண்ணெய் வழியாகப் பெரிய பிஸ்டனுக்குப் போய்ப் பாரத்தைத் தூக்குகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால் எண்ணெய் பின்வாங்கும், பாரம் இறங்கும். சில நேரம் மெதுவாக இறங்கும், சில நேரம் ஒரேயடியாக இறங்கும். ஆகவே ஜாக் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கியவுடன் பாரத்தை இரும்புத் தாங்கிகளின் மேல், அதாவது ஜாக் ஸ்டாண்டுகளின் மேல், இறக்கிவிட வேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்கி வைப்பவர்களையும் பார்க்கிறேன். உள்ளே கூடான சீமெந்துக் கல் சுவருக்கு நல்லது. காருக்குக் கீழே அது சொல்லாமல் கொள்ளாமல் வெடித்துவிடும்.

இடம் மாற்றக்கூடிய லிப்டில் பல வகை உண்டு. வீட்டுக்குப் பொருத்தமானது இரண்டு நீளச் சட்டங்களாக வருகிறது. காரின் இரு பக்கமும் அடியில் தள்ளி, சிறிய மோட்டாரிலிருந்து குழாய் வழியாக எண்ணெய் செலுத்தினால், நான்கு சில்லும் ஒன்றாக நிலத்தை விட்டுக் கிளம்பும். உயரம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு அடி. நின்று வேலை செய்ய முடியாது, படுத்துத்தான் செய்யவேண்டும். ஒயில் மாற்ற, பிரேக் பார்க்க, சைலன்சர் கழற்ற இந்த உயரம் போதும். வேலை முடிந்தால் சட்டங்களைச் சுவரில் சாய்த்து வைக்கலாம்.

இதுவும் எண்ணெயில்தான் ஏறுகிறது. ஆனால் உயர்த்தியபின் இரும்புப் பூட்டு விழுந்து பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. குழாய் வெடித்தாலும் கார் இறங்காது. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காரைத் தூக்கியபின் கரண்ட் போனாலும் பூட்டு பிடித்திருக்கும். பூட்டு விழாத லிப்ட் வெறும் பெரிய ஜாக்தான்.

குழி வெட்டினால் என்ன?

"லிப்ட் எதற்கு, ஒரு குழி வெட்டினால் மலிவல்லவா?" என்று கேட்பார்கள். நம்முடைய நிலம் சுண்ணாம்புக் கல். மாரியில் கிணற்று நீர் மேலே வரும்போது, தாழ்வான இடங்களில் குழிக்குள்ளும் நீர் ஊறும். அதைவிடப் பெரிய விஷயம், குழியில் சிந்தும் கழிவு ஒயில் நிலத்தின் கீழே போய்க் கிணற்றில் சேரும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் தீர்ப்பு வந்தது. அது மின் நிலையத்தோடு தொடர்புபட்ட பெரிய விவகாரம். ஆனால் நம் வளவுக் குழியும் அதே நிலத்தில்தான் இருக்கிறது. லிப்ட் வைத்திருப்பவரும் ஒயிலைத் தட்டில் பிடித்துக் கானில் சேர்க்க வேண்டும், நிலத்தில் ஊற்றக்கூடாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் தரை. ஈரச் செம்மண்ணில் லிப்ட் வைப்பது அந்த இளைஞரின் பலகையைப் போன்றதுதான். வெடிப்பில்லாத, சமமான கொங்கிறீட் தரை வேண்டும். அதன் கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது லிப்டோடு வரும் புத்தகத்தில் இருக்கும். தரை இல்லையென்றால் தரையைப் போட்டுவிட்டு லிப்டை வாங்குங்கள்.

இரண்டாவது பாரம். மொரிஸ் மைனர் சுமார் முக்கால் தொன். கேம்பிரிட்ஜ் ஒரு தொன்னுக்குச் சற்று மேல். வான் வைத்திருப்பவர் அதன் பாரத்தை வாகனப் புத்தகத்தில் பார்த்து, அதற்கு மேல் தாராளமாகத் தாங்கும் லிப்டை எடுக்க வேண்டும்.

மூன்றாவது பிடிக்கும் இடம். மொரிஸ் மைனருக்குத் தனியாக சசி கிடையாது, உடலேதான் சசி. கடற்காற்றில் கதவுக்குக் கீழுள்ள தகடு கறள் பிடித்திருந்தால், லிப்டின் ரப்பர் கட்டை அதற்குள் புகுந்துவிடும். முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

நான்காவது மின்சாரம். நமக்கு 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் மோட்டார் 110 வோல்ட்டாக இருந்தால் இங்கே எரிந்துவிடும். 12 வோல்ட் பற்றறியில் ஓடும் வகையும் உண்டு. ஐரோப்பாவில் வாகன லிப்டுகளுக்கு ஈஎன் 1493 என்ற நியமம் இருக்கிறது. ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல், சான்றிதழை விற்பவரிடம் கேளுங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

கணக்குக்காக லிப்டின் விலையை மூன்று இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் நான்கு தடவை பாவித்தால், பத்து வருடத்தில் நாற்பது தடவை. ஒரு தடவைக்கு 7,500 ரூபா விழுகிறது. ஒயில் மாற்ற இது அதிகம். ஆனால் ஒரே ஒழுங்கையில் நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கினால் 1,875 ரூபாதான். கூட்டாக வாங்குபவர்கள் யார் பராமரிப்பது, யாருக்குப் பாவிக்கக் கொடுப்பது என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை தெரிந்த பிள்ளைகள் வாடகைக்கும் விடலாம். ஆனால் பாவிக்கத் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டுக் காசை மட்டும் வாங்காதீர்கள். கூடவே போய் நில்லுங்கள்.

அவ்வளவு பணம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். நல்ல ஜாக் ஒன்று, தாங்கிகள் இரண்டு, உறுதியான தரை, மறுபக்கச் சில்லுக்குத் தடைக்கட்டை. இவை லிப்டின் விலையில் சிறு பங்குதான்.

அந்த இளைஞர் தோள் சுகமாகி வந்து தாங்கிகள் இரண்டு வாங்கிப் போனார். காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவரோ விடாமல் தந்துவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து என் கடையில் ஜாக்குக்குப் பக்கத்திலேயே தாங்கிகளையும் வைத்திருக்கிறேன். ஜாக் கேட்பவரிடம், "கீழே படுப்பீர்களா?" என்று முதலில் கேட்கிறேன். ஆம் என்றால், தாங்கி இல்லாமல் ஜாக்கைக் கட்டிக் கொடுப்பதில்லை. இரண்டொரு வியாபாரம் தவறித்தான் போகிறது. போகட்டும்.