முரண்புதிரும் தளப்பிரிப்பும்: மெய்யியல், சமயம், சமூகம் – ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஏற்கத்தக்க கருத்துகளிலிருந்து தொடங்கி, முறை பிறழாமல் நகர்ந்து, ஏற்க இயலாத முடிவில் கொண்டு நிறுத்துவது முரண்புதிர் ஆகும். மெய்யியல், சமயம், சமூகம் ஆகிய மூன்றிலும் அதற்குச் சொல்லப்படும் தீர்வுகளுள் முதன்மையானது, முரணும் கூற்றுகளை வெவ்வேறு தளங்களில் வைப்பதாகும். தருக்கத்தில் பயன்தரும் இம்முறை, சமூகத்தில் முரண் நீடிப்பதற்கே வழியாகக்கூடும் என்பதைத் திருநாளைப்போவார் புராணத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முரண்புதிர், தளப்பிரிப்பு, மணிமேகலை, சைவ சித்தாந்தம், நந்தனார், அம்பேத்கர்.

முன்னுரை

'முரண்' என்னும் சொல் தமிழில் நெடிய வரலாறு உடையது. சொல்லாலும் பொருளாலும் மாறுபடத் தொடுப்பதைத் தொல்காப்பியச் செய்யுளியல் முரண்தொடை என்கிறது. அங்கு முரண் என்பது செய்யுளுக்கு அழகு சேர்ப்பது. மெய்யியலார் 'பாரடாக்ஸ்' என்பது இதனின் வேறானது. பொதுக் கருத்துக்கு மாறானது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. இக்கட்டுரை அதனை முரண்புதிர் எனக் குறிக்கிறது.

முரண்பாடும் முரண்புதிரும்

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நூலை விளக்குகிறார். குற்றமுடைய பக்கங்களுள் ஒன்றாகச் சுவசன விருத்தம் அங்கே சுட்டப்படுகிறது. தன் தாயை மலடி என்று ஒருவன் கூறுவது அதற்குக் காட்டு. தன் சொல்லே தன்னை மறுக்கும் இக்கூற்று வெளிப்படையான முரண்பாடு. அதனைப் பொய் எனத் தள்ளிவிட்டால் சிக்கல் எதுவும் எஞ்சுவதில்லை.

முரண்புதிர் அவ்வாறு தள்ளத்தக்கதன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிலேட்டசின் யூபுலிடீசு பெயரால் வழங்கும் பொய்யன் புதிரை இங்கு ஒப்பிடலாம். 'நான் இப்போது சொல்வது பொய்' என்று ஒருவன் கூறினால், அக்கூற்று மெய்யெனக் கொள்ளும்போது பொய்யாகிறது. பொய்யெனக் கொள்ளும்போது மெய்யாகிறது. எனவே இங்குக் கூற்றை மட்டும் ஆராய்வது போதாது. அதனை இயலச் செய்த அடிப்படை எண்ணங்களையே ஆராய வேண்டியுள்ளது. முரண்புதிரின் பயன் இதுவே.

மெய்யியலில் தளப்பிரிப்பு

தன்னையே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் அனைத்தையும் கொண்ட கணம், தன்னை உறுப்பாகக் கொள்ளுமா என்னும் வினாவை 1901இல் பெர்ட்ரண்ட் ரசல் எதிர்கொண்டார். எவ்விடை கூறினும் அதன் மறுதலையே விளைந்தது. 1902இல் அவர் இதனைக் காட்லோப் பிரேகேவுக்கு மடலில் தெரிவித்தார். கணிதத்தைத் தருக்கத்தின்மீது நிறுவ முனைந்த பிரேகேவின் பெரும்பணி இதனால் நிலைகுலைந்தது. பின்னர் ரசல் வகுத்த வகைக் கோட்பாடு, கணங்களைப் படிநிலைகளாகப் பிரித்தது. ஒரு மொழியின் கூற்றுகளை மெய், பொய் என அதற்கு மேற்பட்ட மொழியிலிருந்தே கூற வேண்டும் என ஆல்பிரட் தார்ச்கி பிற்காலத்தில் வரையறுத்தார்.

இவ்விரு தீர்வுகளும் தளப்பிரிப்பே. இவற்றால் எவருக்கும் இழப்பில்லை. தருக்கத்தின் வரம்பு தெளிவானது.

சமயத்தில் தளப்பிரிப்பு

பத்தி இலக்கியம் இறைவனை எதிர்மறைகளின் இணையாகவே பெரிதும் பாடுகிறது. அவன் அருவமும் உருவமும் ஆனவன். தொலைவிலும் அண்மையிலும் உள்ளவன். சொல்லுக்கு எட்டாதவன் எனச் சொல்லாலேயே போற்றப்படுபவன். சைவ சித்தாந்தம் இதனைச் சொரூபம், தடத்தம் என்னும் இரு இலக்கணங்களால் விளக்குகிறது. தன்னியல்பில் நிற்கும் நிலை சொரூபம். ஐந்தொழில் வழியாக உயிர்களோடு இயைந்து நிற்கும் நிலை தடத்தம். இரு நிலைகளுக்குரிய கூற்றுகளை வேறுபடுத்தி உணர்ந்தால், அவை ஒன்றையொன்று அழிப்பதில்லை.

எனினும், தருக்கவியலார் முரணை நீக்க விழைவதைப் போல அடியார் விழைவதில்லை. அவர்க்கு அம்முரண் வியப்பின் ஊற்று. அதில் திளைப்பதே வழிபாடாகிறது.

திருநாளைப்போவார்: இரு தளங்களின் சந்திப்பு

சமய முரண் சமூக முரணைச் சந்திக்கும் இடம் பெரியபுராணத்தில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தின்படி, நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசங்களுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் வழங்கியவர். அவர் தந்த தோலின் ஒலி கருவறைவரை சென்றது. அவர் வாயிலுக்குப் புறத்தே நின்றார். விலக்கப்பட்டவரின் உழைப்பின்றி, விலக்கிய இடத்தின் வழிபாடு நிறைவுறவில்லை. இதுவே அப்புராணத்தின் அடியில் உள்ள சமூக முரண்புதிர்.

புராணம் இதற்கு இரு விடைகளைத் தருகிறது. திருப்புன்கூரில், வெளியே நின்று வணங்கிய நந்தனார்க்குக் காட்சி தருவதற்காக, இடையே இருந்த நந்தியை இறைவன் விலகச் செய்கிறான். தில்லையிலோ நந்தனார் எல்லையை வலம்வந்தும் உட்புக இயலாது வருந்துகிறார். அவர் கனவில் தோன்றும் இறைவன், எரியில் மூழ்கி வருமாறு பணிக்கிறான். தில்லைவாழ் அந்தணரிடம் அவ்வெரியை அமைக்குமாறு கூறுகிறான். தென்மதிற்புறத்து வாயில் முன் அமைக்கப்பட்ட தீயுள் புகுந்தவர், பூணூல் அணிந்த முனிவராக வெளிப்பட்டுக் கோயிலுள் சென்று மறைகிறார்.

இவ்விரு நிகழ்வுகளின் வேறுபாடு கருதத்தக்கது. திருப்புன்கூரில் விலகியது தடை. தில்லையில் மாறியது அடியாரின் உடல். முன்னதிலும் அவர் புறத்தேதான் நின்றார். பின்னதில் உட்புகுந்தவர் பழைய உடலோடு புகவில்லை. அன்பின் தளத்தில் பிறப்பு வேறுபாடு இல்லை என்பதும், கோயில் வாயிலில் அவ்வேறுபாடு உண்டு என்பதும் ஒருசேரக் காக்கப்படுகின்றன. சேக்கிழாரின் நோக்கம் அடியாரின் பெருமையை நிறுவுவதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பெருமை நிறுவப்பட்ட பின்னரும் வாயிலின் விதி மாறாமல் நிற்கிறது.

சமூகத்தில் தளப்பிரிப்பின் விளைவு

மேற்கண்ட தளப்பிரிப்பு பிற்காலத்திலும் தொடர்ந்தது. 'ஆண்டவன் முன் அனைவரும் சமம்' என்பதும், 'தெருவில் வழக்கமே விதி' என்பதும் ஒரே வாயில் உரைக்கப்பட்டன. ஆகவே நந்தனாரை அறுபத்துமூவருள் ஒருவராக வணங்கிய சமூகமே, அவர் பிறந்த குலத்தாரை வெளியே நிறுத்துவதில் முரண் காணவில்லை. 1939 சூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நிகழ்ந்த நுழைவும், அதனைத் தொடர்ந்த சட்டமும் வேறொரு விடையை முன்வைத்தன. அங்கு மாற வேண்டியது அடியாரின் உடலன்று, வாயிலின் விதியே என்பது ஏற்கப்பட்டது.

1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய தம் நூலை அம்பேத்கர் நந்தனார், இரவிதாசர், சோகாமேளர் ஆகியோர் நினைவுக்குப் படையலாக்கினார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய மன்றத்தில் ஆற்றிய உரையில், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளியல் வாழ்வில் சமத்துவமின்மையும் கொண்ட முரண்நிறைந்த வாழ்வில் நாடு நுழையவிருப்பதாக அவர் எச்சரித்தார். அம்முரணைப் பொறுத்துக்கொண்டே செல்வது மக்களாட்சிக்கே கேடாகும் என்பது அவர் வாதம். இரு தளங்களையும் பிரித்து வைத்து அமைதி காண்பதை அவர் ஏற்கவில்லை என்பது இதனால் புலனாகிறது.

முடிவுரை

முரண்புதிர் மூன்று துறைகளிலும் மறைந்துள்ள அடிப்படையொன்றை வெளிக்கொணர்கிறது. மெய்யியலில் தளங்களைப் பிரிப்பது தெளிவைத் தருகிறது. சமயத்தில் அது வியப்புக்கு இடமளிக்கிறது. சமூகத்தில் அதே முறை, சமத்துவத்தைச் சொல்லில் வைத்து வேற்றுமையை நடைமுறையில் காக்கும் கருவியாக மாறக்கூடும். எனவே சமயப் பனுவல்களில் முரணை ஆராய்வோர், அது எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதோடு, அத்தீர்வுக்காக மாற வேண்டியவர் யார் என்பதையும் வினவுதல் வேண்டும். தில்லை வாயிலின் முன் மூட்டப்பட்ட தீ எழுப்பும் வினா அதுவே.